ஒரே வீடு

மணமானி இரண்டு பிள்ளைகளையும் உச்சந்தலையிலிருந்து சாப்பாட்டுத் தூக்குவரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தன் வழக்கமான மரியாதைக் குரலில் சொன்னது:

"ஒரே வீடு."

ஆலாங்காட்டுப்புதூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாசலில் வரிசைகட்டி நின்ற கார்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டன. ஏனென்றால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வீடு இல்லை என்பது ஊருக்கே தெரியும். இளவெயினி, பசுஞ்சோலை அடுக்ககத்தின் பதினோராவது மாடியில் இருப்பவள். அவள் அம்மா தமயந்தி, ஓட்டுநர் இல்லாத பேருந்துகளுக்கு மூளை எழுதித் தருகிற நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தாள். பூவரசு, அதே அடுக்ககத்தின் பின்சுவரை ஒட்டிய லைன் வீட்டுப் பையன். அவன் அம்மா மரகதம், தமயந்தி வீட்டில் சமையல் வேலை செய்தாள்.

"இன்னொரு தரம் பாருங்க சார்" என்றாள் தமயந்தி.

இயந்திரத்தைச் சார் என்று அழைப்பது அப்போது பழகிப்போயிருந்தது. அட்மிஷன் யார் கையில் இருக்கிறதோ அவரை வேறு எப்படி அழைப்பது?

மணமானியின் ரப்பர் துதிக்கை மறுபடியும் வளைந்து வந்து இரண்டு தலைகளையும் வருடியது. பூவரசுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்தது. இளவெயினிக்கும் வந்தது.

"ஒரே வீடு. கலவை இல்லை. அடுத்தவர்."

ஊராட்சிப் பள்ளி வாசலுக்குக் கார்கள் வந்த கதை சின்னதுதான். பலவிதமான வரும்படி உள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் கலந்து படித்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தி நன்றாக மலர்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 'எல்லாப் பிள்ளைகளுக்கும்' என்று அவர்கள் எழுதியதைப் பெற்றோர்கள் 'என் பிள்ளைக்கு' என்று படித்தார்கள். கலவைப் பள்ளியில் படித்தவருக்கே முன்னுரிமை என்று பெரிய நிறுவனங்கள் அறிவித்ததும், பளிங்குத் தரை போட்ட தனியார் பள்ளிகள் எல்லாம் ஓராண்டுக்குள் கல்யாண மண்டபமாயின.

ஏழைகளுக்கு அப்போது வந்த மவுசு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. வீட்டுமனை விளம்பரங்களில் 'பள்ளிக்கு நடை தூரம், குடிசைகளுக்குக் கூப்பிடு தூரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை கலவைப் பள்ளியில் சேர வேண்டுமானால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூடவே அழைத்துவர வேண்டும் என்று விதி வந்தது. இணைச் சேர்க்கை என்று அதற்குப் பெயர். இணை விலகினால் இடமும் போகும். வருமானச் சான்றிதழ்களைக் கேட்டபோது ஊரில் பாதிப் பேர் ஒரே வாரத்தில் பரம ஏழைகளாகிவிட்டதால்தான் மணமானியைக் கொண்டுவந்தார்கள். சான்றிதழ் பொய் சொல்லும், வீட்டு மணம் சொல்லாது என்பது அதன் தத்துவம். தலைக்கு என்ன எண்ணெய், துணிக்கு என்ன சோப்பு, நேற்று என்ன குழம்பு, அது கேஸில் வெந்ததா விறகில் வெந்ததா, தூங்கியது ஏசியிலா தகரக் கூரையின் கீழா, எல்லாம் அதன் மூக்குக்குத் தெரியும். காலையில் எத்தனை வீடு கலந்திருக்கிறது என்று முகர்ந்து மதிப்பெண் போடும். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வருபவரை முகர்ந்து, அதே வீடுதானா என்று பார்த்து வெளியே விடும். சத்துணவு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மணமாக்கிவிடுகிறது என்று அதையும் கலவைப் பள்ளிகளில் நிறுத்திவிட்டார்கள்.

தலைமையாசிரியை ஜெயசீலி இரண்டு அம்மாக்களையும் அறைக்குள் அழைத்தாள்.

"உங்க வீட்ல சமையல் யாருங்க?"

"மரகதம்தான் டீச்சர்."

"மரகதம், உங்க வீட்ல?"

மரகதம் தமயந்தியைப் பார்த்தாள். "அக்கா வீட்டுல மீந்ததைத்தானுங்க பையனுக்குக் கொண்டுட்டுப் போறது. கொட்டாம எடுத்துட்டுப் போன்னு அக்காதான் சொன்னாங்க."

"ரெண்டு பேரும் நேத்து ராத்திரி ஒரே கொள்ளுக் குழம்பு" என்றாள் ஜெயசீலி, மணமானி தந்த சீட்டைப் பார்த்து. "அதைத்தான் அது சொல்லுது. பொய் ஒண்ணும் சொல்லலீங்களே."

வெளியே வந்ததும் தமயந்தி வேப்பமர நிழலில் மரகதத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கெட்டவள் இல்லை. மகள் படிப்பு என்று வந்துவிட்டால் நல்லவர்கள் செய்வதை எல்லாம் அவளும் செய்தாள், அவ்வளவுதான்.

"தப்பா நினைக்காதீங்க மரகதம். கொஞ்ச நாளைக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு எடுத்துட்டுப் போக வேண்டாம். உங்க வீட்ல உங்க வீட்டு மாதிரியே இருங்க."

"இப்ப யாரு வீட்டு மாதிரி இருக்கறனுங்க்கா?"

"அதுக்கில்ல. கேஸ் அடுப்பு வாங்கினீங்கல்ல, அது வேண்டாம். விறகுன்னா வாசனை நல்லாத் தனியாத் தெரியுமாம்."

"விறகுக்கு எங்கீங்க்கா போறது? காடெல்லாம் வித்துத்தான உங்க அபார்ட்மெண்ட்டே கட்டுனாங்க."

"அதெல்லாம் சங்கத்துல பேசி ஏற்பாடு பண்ணிடலாம்."

மரகதம் யோசித்தாள். ஊரில் இருந்த நல்ல வாத்தியார்கள் எல்லாம் கலவைப் பள்ளிகளுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார்கள். மிச்சப் பள்ளிகளில் ஒற்றை வாத்தியார், அதுவும் வந்தால் உண்டு. பூவரசு இப்போதுதான் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தான்.

"சரிங்க்கா" என்றாள்.

இப்படியாக, கேஸ் அடுப்பு சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏறியது. அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் செல்வநாயகம், வங்கியில் ஓய்வுபெற்றவர், நீலகிரியிலிருந்து லாரியில் விறகு வரவழைத்து லைன் வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். கேஸைவிட விறகுக்குச் செலவு அதிகம்தான், ஆனால் கல்விக்காகச் செய்கிற செலவை யாரும் செலவாக நினைப்பதில்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டு மாடி வீடு கட்டித்தர அரசாங்கம் முன்வந்தபோது, அதைத் தடுக்கச் சொல்லிப் போட்ட மனுவில் அடுக்ககமே திரண்டு கையெழுத்திட்டது. 'எங்கள் அண்டை வீட்டாரின் வாழ்க்கை முறையைக் காப்போம்' என்று வாசலில் துணிப் பலகை கட்டினார்கள். அதைக் கட்டுவதற்கு ஏணி பிடித்ததும் லைன் வீட்டு ஆள்தான்.

மரகதம் காலையில் பதினோராவது மாடியில் ஒரு கொள்ளுக் குழம்பு வைத்தாள். இறங்கிவந்து, கையைக் காலைக் கழுவிக்கொண்டு, புகைக்குள் உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினாள். கண் எரிந்தது. மறு சோதனையில் மணமானி, "இரு வீடு. கலவை நன்று" என்றது. இரண்டு பிள்ளைகளும் உள்ளே போனார்கள்.

அதன்பிறகு நடந்ததற்குப் பிள்ளைகள்தான் பொறுப்பு. மத்தியானம் மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டி நிழலில் எல்லாத் தூக்குகளும் ஒன்றாகத் திறந்தன. புகை ஏறிய அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அடுக்ககத்துப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். பதினோராவது மாடிக் குழம்பில் பூவரசின் நாக்கு அவன் அம்மாவின் கைப்பக்குவத்தை மறுபடி கண்டுபிடித்தது. தலையோடு தலை ஒட்டி விளையாடியதில் பேன்கூட எந்த வித்தியாசமும் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் போய்வந்தது. இளவெயினியின் சட்டை பூவரசின் சட்டைபோல நாறியது, பூவரசின் தலை இளவெயினியின் தலைபோல மணத்தது.

காலாண்டுச் சோதனைக்கு அதிகாரிகள் வந்து நின்றார்கள். மணமானி வகுப்பு வகுப்பாக முகர்ந்துகொண்டே போனது. கடைசிப் பிள்ளையையும் முகர்ந்துவிட்டுச் சொன்னது:

"பள்ளி முழுவதும் ஒரே வீடு. கலவை இல்லை."

ஜெயசீலிக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாததால் அது அடங்கிவிட்டது. அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்தால் பள்ளியின் கலவை முத்திரை பறிபோகும் என்று சொல்லிவிட்டு அதிகாரிகள் ஜீப்பில் ஏறினார்கள்.

அன்று சாயங்காலமே பெற்றோர் கூட்டம் கூடியது. லைன் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லியனுப்பியிருந்தார்கள். ஆனால் அது அவர்கள் வேலை முடிந்து திரும்பாத நேரம்.

"பிரிச்சாத்தான் முத்திரை நிக்கும்" என்றார் செல்வநாயகம்.

"எதைங்க சார்?"

"பிள்ளைகளைத்தான் டீச்சர்."

"கலக்கறதுக்குத்தானுங்களே சேர்த்தோம்?"

"கலக்கறது வேற, கலந்துபோறது வேற. எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சுன்னா அதை யாருங்க கலவைன்னு சொல்லுவாங்க? தனித்தனியாத் தெரிஞ்சாத்தான் கலவை. மிக்ஸர் பொட்டலத்துல கடலை கடலையா இருக்குது, பூந்தி பூந்தியா இருக்குது. அரைச்சுட்டா அது மிக்ஸருங்களா?"

இதற்கு ஜெயசீலியிடம் பதில் இருந்தது. ஆனால் முத்திரை போனால் பள்ளிக்கு வாத்தியார்களும் போவார்கள் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தப் பதிலை அவள் விழுங்கிக்கொண்டாள். தமயந்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரி, "உங்க பாப்பாவோட சீட்டும் இதுலதான இருக்குது" என்றதும் வாய் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் தண்ணீர்த் தொட்டி நிழலின் குறுக்கே மஞ்சள் நைலான் கயிறு ஒன்று கட்டப்பட்டது. அந்தப் பக்கம் லைன் வீட்டுப் பிள்ளைகள், இந்தப் பக்கம் அடுக்ககத்துப் பிள்ளைகள். தூக்குகளை மாற்றிக்கொள்ளக் கூடாது. தொட்டுப் பிடித்து விளையாடக் கூடாது. தண்ணீர் குடிக்கத் தனித்தனிக் குழாய், தனித்தனி டம்ளர். இப்படி ஓர் ஏற்பாடு இந்த மண்ணில் முன்பும் இருந்ததுண்டு. அப்போது அதற்கு ஆராய்ச்சியோ இயந்திரமோ கிடையாது. இப்போது இரண்டும் இருந்தன. அதனால் இதை முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

கலவை மதிப்பெண் தொண்ணூற்றாறுக்கு ஏறியது. மாவட்டத்திலேயே முதலிடம். வாசலில் பலகை வைத்து மாலை போட்டார்கள்.

ஒருநாள் பூவரசு தூக்கை மறந்துவிட்டுப் போனான். மரகதம் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். மத்தியான மணி அப்போதுதான் அடித்திருந்தது. கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து இளவெயினி தன் தூக்கு மூடியில் கொஞ்சம் குழம்பை ஊற்றி நீட்டினாள். நீட்டிய கை கயிற்றின்மேல் நின்றது. பூவரசு வாங்கவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"வாங்கித் தின்னு சாமி" என்றாள் மரகதம். அது அவள் வைத்த குழம்பு.

"வேண்டாம்மா. மார்க் போயிரும்" என்றான் பூவரசு.

அவன் அழவில்லை. வருத்தமாகக்கூட சொல்லவில்லை. செருப்பை வெளியே விட வேண்டும், சோற்றைச் சிந்தக் கூடாது என்று சொல்வதைப்போலச் சொன்னான். அதுதான் மரகதத்தை உலுக்கியது. தூக்கை ஒரு கையிலும் பையனை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு அப்படியே வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் வேலைக்கு வரவில்லை, பூவரசு பள்ளிக்கு வரவில்லை. தமயந்தி முதன்முறையாக லைன் வீட்டுக்கு வந்தாள். தன் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்க்கிற கூரைதான், ஆனாலும் வழி கேட்டுக் கேட்டுத்தான் வர வேண்டியிருந்தது. மரகதம் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"அவன் வரலைன்னா வெயினிக்கும் இடம் இல்ல மரகதம்."

"தெரியுமுங்க்கா."

"எங்க சேர்த்திருக்கீங்க?"

"மேட்டுக்காட்டுப் பள்ளியிலதான். அங்க அந்த மூக்கு இல்லீங்க."

"அங்க இருக்கறதெல்லாம் ஒரே மாதிரிப் பிள்ளைங்க. ஒத்தை வாத்தியார். அவன் படிப்புக் கெட்டுப்போகும்."

"கெடுமுங்க்கா. தெரிஞ்சுதான் சேர்த்தேன். அங்க சத்துணவு இருக்குது. எல்லாம் ஒண்ணா உக்காந்து தின்னுதுங்க. கணக்கு வராட்டிப் பின்னால கத்துக்குவான். கயித்துக்கு அந்தப் பக்கம்தான் தன்ற இடம்னு கத்துக்கிட்டா, அதை எந்த வாத்தியார் வந்துங்க்கா மறக்க வைப்பாங்க?"

"உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. சம்பளம் வேணும்னா..."

"டீ குடிக்கறீங்களா?"

மரகதம் பரணிலிருந்து மறுபடி இறக்கியிருந்த கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. பேச்சு முடிந்துவிட்டது என்று தமயந்திக்குப் புரிந்தது. டீ நன்றாக இருந்தது. அவளுக்கு வருஷக்கணக்காகப் பழகிய ருசி.

மரகதத்தைப் பார்த்து மற்ற லைன் வீட்டு அம்மாக்களும் ஒவ்வொருவராகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கயிறு மட்டும் மிஞ்சியது, புது இணை தேட அதிகாரிகள் கொடுத்த ஒரு மாதத் தவணையும். ஒருபக்கம் அடுக்ககத்துப் பிள்ளைகள், மறுபக்கம் காக்கைகள். லிஃப்ட் பராமரிப்புக் கட்டணச் சண்டையில் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத குடும்பங்களின் பிள்ளைகளை எல்லாம் மணமானி ஒன்றாக முகர்ந்து, "ஒரே வீடு" என்றது. அது சொன்னது முன்பும் சரி, இப்போதும் சரி.

இந்த மாதிரி சமயங்களில் சந்தை மனிதனைக் கைவிடுவதில்லை. 'எளிமை' என்று ஒரு தைலம் மருந்துக் கடைகளில் கிடைத்தது. விறகுப் புகை, பாமாயில், ஈரச் சுவர், வார்ப்பட ஆலை வியர்வை எல்லாம் நல்ல விகிதத்தில் சேர்ந்தது. உச்சியில் கொஞ்சம், சட்டைக் காலரில் கொஞ்சம் தடவினால் போதும். மணமானிக்கு மூக்கு உண்டே தவிரக் கண் கிடையாது. இனி இணைச் சேர்க்கைக்கு வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை, பாதிப் பிள்ளைகளுக்குத் தைலம் தடவினால் மீதிப் பாதிக்கு இணை கிடைத்துவிடும்.

யார் பிள்ளைக்குத் தடவுவது என்பதில்தான் சங்கம் உடையப் பார்த்தது. அன்று நடந்த கூட்டத்தில் நாற்காலிகள் நகர்ந்த சத்தம் கீழே செக்யூரிட்டிவரை கேட்டது.

"உங்க பையன் கொஞ்சம் மாநிறம்தானே, பார்க்கவும் பொருத்தமா இருக்கும்" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் யதார்த்தமாகத்தான் சொன்னாள். அந்த இரண்டு குடும்பங்களும் இன்றுவரை ஒரே லிஃப்டில் ஏறுவதில்லை.

கடைசியில் செல்வநாயகம் முறைவைத்துக் கொடுத்தார். இந்த வாரம் ஒரு பாதி, அடுத்த வாரம் மறு பாதி. தைலம் தடவிய பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மணம் பரவிவிடும். குழாய், டம்ளர், எல்லாம் பழைய ஏற்பாடுதான்.

"முதல் முறை பதினோராவது மாடிக்கு" என்றார். "உங்க இணைதானுங்களே முதல்ல ஓடுச்சு. அதுல ஒரு நியாயம் இருக்குது பாருங்க."

தமயந்திக்குச் சம்மதிப்பதைத் தவிர வழி இல்லை. மகளுக்கு இடம் வேண்டும்.

மறுநாள் காலையில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவள் மகளுக்குத் தைலம் தடவினாள். இளவெயினி முகர்ந்து பார்த்துவிட்டு, "பூவரசு வாசனை" என்று சிரித்தாள். பள்ளி வாசலில் மணமானி எல்லோரையும் முகர்ந்தது. "கலவை மிக நன்று. தொண்ணூற்றெட்டு." கைதட்டல் எழுந்தது. அந்தப் பள்ளி வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

சாயங்காலம் தமயந்தி சீக்கிரமே வந்து காத்திருந்தாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் ஓடிவந்தார்கள். பின்னால் சற்று இடைவெளி விட்டு மற்றவர்கள் வந்தார்கள். அந்த இடைவெளியை யாரும் அளந்து கொடுக்கவில்லை, பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. இளவெயினி கடைசியாக, சுவரோரமாக நடந்து வந்தாள். காலையில் தலைவாரிக்கொண்டு ஒன்றாக வந்த அடுத்த வீட்டுப் பெண் அவளைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். விளையாட்டுக்குத்தான்.

மணமானியின் துதிக்கை அம்மாவை முகர்ந்தது. மகளை முகர்ந்தது.

"வேறு வீடு" என்றது. "பிள்ளையை அனுப்ப இயலாது."

"என் பொண்ணுங்க சார்" என்றாள் தமயந்தி. "நான் பெத்த பொண்ணு."

"வேறு வீடு."

பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. செல்வநாயகம் எங்கோ கையைப் பிசைந்துகொண்டு நின்றார். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. ஜெயசீலி அறையிலிருந்து இறங்கிவந்து தாயையும் மகளையும் பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அவளைத் தூக்கி நல்லாக் கட்டிப் பிடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் நில்லுங்க. மணம் ஒட்டிக்கும். அப்பறம் அதுவே ஒரே வீடுன்னு சொல்லும்."

தமயந்தி கைகளை நீட்டிக்கொண்டு மகளை நோக்கி ஓரடி வைத்தாள்.

இளவெயினி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அழவில்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒன்றைப் பொறுமையாகச் சொல்லித்தருகிற முகம்.

"வேண்டாம்மா. மார்க் போயிரும்."

"அடுத்தவர்" என்றது மணமானி.